சுக்கா ஏன் கருப்பாக இருக்கிறது?

திருச்சியில் என் தாய்மாமா ஒரு மெஸ் நடத்துகிறார். பன்னிரண்டு மேஜை. மதியம் சாப்பாடு, ராத்திரி பரோட்டா. ஆனால் கூட்டம் வருவது மட்டன் சுக்காவுக்கு. 2021இல், ஊரடங்கு தளர்ந்த சமயத்தில், எல்லோரையும் போல அவரும் ஒரு டெலிவரி ஆப்பில் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாவது வாரம் யாரோ ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்தார்கள்: "படத்துல செவப்பா இருக்கு, வந்தது கருப்பா இருக்கு. தீஞ்சதா, நேத்து வச்சதா?" மாமா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினார். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் நான்.

சுக்கா கருப்பாகத்தான் இருக்கும். சின்ன வெங்காயம், மிளகு, மல்லி, கறிவேப்பிலை எல்லாம் கறியோடு சேர்ந்து இரும்புச் சட்டியில் சுண்டி, கடைசிப் பத்து நிமிடம் கரண்டி நிற்காமல் பிரட்டப்பட்டால்தான் அந்த நிறம் வரும். மாமாவிடம் இருபது வருடமாக இருக்கும் மாஸ்டருக்கு அது பெருமைக்குரிய நிறம். "வண்டி மை மாதிரி இருக்கணும் தம்பி" என்பார். படம் எடுக்கப் போன அன்று, அந்த வண்டி மையைக் கேமரா வழியாகப் பார்த்தேன். தட்டில் ஒரு கரிக் குவியல் தெரிந்தது. விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கரி, கரியாகவே இருந்தது. அதனால் அடுத்த சட்டியைச் சுண்டுவதற்கு முன்னாலேயே இறக்கச் சொன்னேன். மாஸ்டர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இது இன்னும் சுக்கா ஆகலையே." "படத்துக்குத்தான் அண்ணே" என்றேன். காஷ்மீரி மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்து, பிரஷ்ஷால் துண்டு துண்டாகத் தடவி, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு எடுத்தேன். அருமையான படம். மாமா அதைத் தன் வாட்ஸ்ஆப் முகப்பாகவே வைத்துக்கொண்டார்.

வேகாத கோழியின் காலம்

இந்த வித்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2008 முதல் இரண்டு வருடம் சென்னையில் ஒரு விளம்பரப் புகைப்படக்காரரிடம் உதவியாளனாக இருந்தேன். உதவியாளன் என்றால் விளக்குத் தாங்கியைத் தூக்குவது, தெர்மாகோல் பிடிப்பது, டீ வாங்கி வருவது. சாப்பாட்டுப் படம் என்றால் கூடுதலாக ஒரு வேலை உண்டு: ஃபுட் ஸ்டைலிஸ்ட் கேட்கும்போது கிளிசரின் பாட்டிலையும் சாமணத்தையும் நீட்டுவது. அங்கே நான் கற்ற முதல் பாடம், படத்துக்கான சாப்பாட்டைச் சமைத்து முடிக்கக் கூடாது என்பது. முழுக்க வெந்த காய் துவண்டுவிடும். கால்வாசி வெந்தது நிமிர்ந்து நிற்கும். முழுக் கோழியை அடுப்பில் வேகவிட்டால் தோல் சுருங்கி எலும்பைக் காட்டும். அதனால் மேல்தோலை மட்டும் வாட்டி, சோயா சாஸும் கருக்கிய சர்க்கரையும் பூசி, ஊதுவிளக்கால் இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டு கருக்குவார்கள். உள்ளே பச்சைக் கறி. ஐஸ்கிரீம் என்று விளக்குக்குக் கீழே உருகாமல் மணிக்கணக்கில் நிற்பது வனஸ்பதியும் பொடித்த சர்க்கரையும் பிசைந்த உருண்டை. குளிர்பானக் கண்ணாடியில் வியர்த்து நிற்பவை கிளிசரின் துளிகள், உள்ளே மிதக்கும் ஐஸ் அக்ரிலிக். ஆவி வேண்டுமென்றால் ஈரப் பஞ்சைச் சூடாக்கித் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும். பிரியாணித் தட்டில் சோற்றுக்கு அடியில் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். கால் கிலோ சோறு ஒரு கிலோவாகத் தெரியும்; கறித்துண்டுகளும் அமுங்கிப் போகாமல் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

படப்பிடிப்பு முடிந்த ஒரு ராத்திரி, வாட்ச்மேன் என்னிடம் வந்து அந்தப் பிரியாணியைப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று விளக்கியபோது, நான் தருவதற்கு மனமில்லாமல் கதை கட்டுவதாகவே அவர் நினைத்தார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அன்று தெருமுனைக் கையேந்தி பவனில் முட்டை தோசை சாப்பிட்டோம். அந்தத் தோசையை யாராவது படமெடுத்திருந்தால் ஒரு விளம்பர நிறுவனம்கூட வாங்கியிருக்காது.

வேலையை விட்டபின் இதையெல்லாம் நண்பர்களிடம் கதையாகச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள், "அடப்பாவிகளா" என்பார்கள், அடுத்த நாள் அதே படத்தைப் பார்த்து ஆர்டர் செய்வார்கள். நானும்தான். தந்திரம் தெரிந்திருப்பதால் நாக்கில் ஊறும் எச்சில் நின்றுவிடுவதில்லை. சின்ன வயதில் நூடுல்ஸ் பாக்கெட்டின் மேல் பட்டாணியும் கேரட்டும் பாதி முட்டையும் பார்த்துவிட்டு, பாக்கெட்டைக் கிழித்துக் கவிழ்த்து உதறியவன் நான். அம்மா மூலையில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். பரிமாறுவதற்கான யோசனையாம். அப்படியென்றால் பட்டாணி நாமே வாங்க வேண்டும். இதற்கு எதற்குப் படம் என்று கேட்டேன். அம்மாவிடம் பதில் இல்லை.

கோலிக்குண்டு சூப்

எது வரைக்கும் அலங்காரம், எங்கிருந்து பொய் என்பதில் நீதிமன்றங்களே ஒரு கோட்டைப் போட்டுவிட்டு அதன் மேலேயே தடுமாறியிருக்கின்றன. அமெரிக்காவில் கோல்கேட் பாமாலிவ் நிறுவனம் தன் ஷேவிங் கிரீமைத் தடவினால் மணல் காகிதத்தைக்கூட மழித்துவிடலாம் என்று தொலைக்காட்சியில் காட்டியது. உண்மையில் திரையில் இருந்தது மணல் தூவிய பிளாஸ்டிக் தகடு. 1965இல் உச்ச நீதிமன்றம் அது ஏமாற்று என்று தீர்ப்புச் சொன்னது. நிறுவனத்தின் தரப்பு விடவில்லை: அப்படியானால் சூடான விளக்குக்கு முன்னால் ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கை வைப்பதும் குற்றமா? இல்லை என்றது நீதிமன்றம். உருளைக்கிழங்கைக் காட்டி யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. மணல் தகட்டைக் காட்டி "நீயே பார்" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி அதே உருளைக்கிழங்கை வைத்து "எவ்வளவு திரட்சி பாருங்கள்" என்று சொன்னால் கோடு எந்தப் பக்கம் விழும்?

எனக்கு இதைவிட நெருக்கமானது கேம்பெல் சூப் விவகாரம். காய்கறி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினால் காய்கள் அடியில் போய்விடும், படத்தில் வெறும் தண்ணீர் தெரியும். விளம்பரம் எடுத்தவர்கள் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டார்கள். காய்கள் மேலே வந்து நின்றன. சூப்பும் அசல், காயும் அசல். குண்டு மட்டும் தெரியாது. அமெரிக்க வணிக ஆணையம் இதைப் பிடித்தது. இனிமேல் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டு 1970இல் விஷயம் முடிந்தது. அது போதாது, செய்த தவறை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று சண்டைக்கு வந்த சட்டக் கல்லூரி மாணவர்கள் தங்கள் சங்கத்துக்குச் சூப் என்று சுருக்கப் பெயர் வருமாறு பெயர் சூட்டிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எங்கள் கவிழ்த்த கிண்ணம் ஞாபகம் வந்து சிரித்தேன். மாமாவின் ஸ்கிரீன்ஷாட் வந்த பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமும் அச்சு அசல் கேம்பெல் சமாதானம்தான்: கறி அசல், மசாலா அசல், சட்டிகூட மாமாவுடையது, நான் பத்து நிமிடம் முன்னால் இறக்கினேன், அவ்வளவுதானே?

2012இல் மெக்டொனால்ட்ஸின் கனடா கிளை ஒரு வீடியோ வெளியிட்டது. விளம்பரத்தில் இருப்பதுபோல் கடையில் ஏன் இல்லை என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்குப் பதிலாக, அவர்களின் விளம்பரப் பிரிவுத் தலைவியே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கடையில் ஒரு நிமிடத்தில் கட்டித் தரும் பர்கருக்கு ஸ்டுடியோவில் பல மணி நேரம் செலவாகிறது. ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம், கெட்சப் எல்லாவற்றையும் கேமரா பார்க்கும் விளிம்புக்குத் தள்ளி வைக்கிறார்கள். கெட்சப்பைச் சிரிஞ்சால் வைக்கிறார்கள். கடைப் பர்கர் பெட்டிக்குள் தன் ஆவியிலேயே கொஞ்சம் அமுங்கிவிடுகிறது. பொருட்கள் எல்லாம் கடையில் உள்ளவையே. ஒளிக்காமல் காட்டியதற்கு ஒரு வணக்கம் போடலாம். ஆனால் அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஆவியில்தான் ரொட்டி மெத்தென்று ஆகிறது. வாய்க்கு நல்லது எதுவோ, அது படத்துக்குக் குறையாகிவிடுகிறது. அவர்களுக்கே இப்படி என்றால் நம் சாப்பாட்டின் கதி என்ன? சாம்பாரில் ஊறி உடைந்த வடை, குழைய வைத்த பொங்கல், சால்னாவில் பிய்த்துப் போட்டு ஊறிய பரோட்டா, மறுநாள் சுண்டவைத்த மீன் குழம்பு. நமக்கு ருசி என்பதே ஊறுவதிலும் சுண்டுவதிலும் உடைவதிலும் இருக்கிறது. கேமராவுக்கு இவை மூன்றும் ஆகாது. ஊறுவதற்கு முந்திய வடையைத்தான் அது கேட்கும்.

(2023இல் அமெரிக்காவில், விளம்பரப் படத்தில் பர்கர் நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்று போட்ட இரண்டு வழக்குகளில் உத்தரவு வந்தது. பர்கர் கிங் வழக்கில் மயாமி நீதிபதி, வழக்கின் ஒரு பகுதி மேலே நடக்கட்டும் என்றார். அடுத்த மாதமே மெக்டொனால்ட்ஸ், வெண்டிஸ் மேல் போட்ட வழக்கை நியூயார்க் நீதிபதி தள்ளுபடி செய்தார். கோடு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.)

சிரிக்கும் கோழி

ஒரு காலத்தில் நம் ஊர் பரோட்டாக் கடைச் சுவரில் பெயின்டர் வரைந்த கோழி இருக்கும். தட்டில் வறுபட்டுக் கிடக்கிற கோழிக்குப் பக்கத்திலேயே கொண்டையோடு இன்னொரு கோழி, "வாங்க" என்று சிறகை விரித்துச் சிரிக்கும். தன் உறவுக்காரனைத் தின்ன அழைக்கும் கோழி. அதைப் பார்த்து உள்ளே போன எவனும் இப்படிப்பட்ட கோழி வரும் என்று எதிர்பார்த்ததில்லை. அது ஒரு வரவேற்பு, அவ்வளவுதான். ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபோது பெயின்டர் போனார், இணையத்தில் இறக்கிய படம் வந்தது. எந்த ஊர்ச் சிக்கனோ, எந்த நாட்டுத் தட்டோ. அப்போதும் பெரிய வம்பில்லை. கடைக்குள் நுழைந்தால் மூக்கும் கண்ணும் உண்மையைச் சொல்லிவிடும். பக்கத்து மேஜை இலையைப் பார்த்து "அதே மாதிரி ஒண்ணு" என்று சொல்லிவிடலாம். ஆப்பில் பக்கத்து மேஜை கிடையாது. படம்தான் மூக்கு, படம்தான் பக்கத்து இலை.

ஜப்பானில் ஹோட்டல் வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைச் சாப்பாடு வைப்பார்கள். இவாசாகி தகிசோ என்பவர் 1932இல் ஒசாகாவில் மெழுகில் செய்து விற்கத் தொடங்கிய தொழில் அது. அவர் சொந்த ஊரான குஜோ ஹாச்சிமானில் இன்றும் நடக்கிறது. இப்போது மெழுகுக்குப் பதில் பிளாஸ்டிக். அந்த ஹோட்டலின் சாப்பாட்டையே கொடுத்து, அதிலிருந்து அச்செடுத்துச் செய்து வாங்கும் கடைகள் உண்டு. முழுப் பொம்மை, தின்ன முடியாது, ஆனால் உள்ளே வரும் தட்டின் அளவும் துண்டுகளும் அப்படியே அதில் இருக்கும். பார்க்கிற எல்லோருக்கும் அது பொம்மை என்று தெரியும் என்பதாலேயே அது பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. சிரிக்கும் கோழியும் ஒருவகையில் அந்தச் சாதிதான். நான் எடுத்த சுக்கா எந்தச் சாதியிலும் சேராது.

மாஸ்டரின் விரல்

2023 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மெஸ்ஸில் மதியக் கூட்டம் அடங்கிய பிறகு, பழக்கதோஷத்தில் நேராகச் சமையலறைக்குள் போய்விட்டேன். மாஸ்டர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தடவிய விரலைப் பார்த்தேன். நகக்கண் வரைக்கும் ஆரஞ்சு. மருதாணி வைத்த கை போல. "என்ன அண்ணே, பேத்திக்கு வச்சு விட்டீங்களா?" என்று கேலியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அலமாரியைக் கண்ணால் காட்டினார். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு கேசரி பவுடர் டப்பா.

"கேசரி போடுறீங்களா இப்ப?"

"கேசரிக்கு இல்ல தம்பி. சுக்காவுக்கு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவரே சொன்னார். ஆப்பில் அந்த ஒரு நட்சத்திரத்துக்குப் பின்னால் இன்னும் பல வந்தன. எல்லாம் நிறத்தைப் பற்றி. பணம் திருப்பிக் கேட்டார்கள். படத்தை மாற்றிவிடலாம் என்று மாமா யோசித்தார். ஆனால் ஆர்டர் வருவதே அந்தப் படத்தால்தான். அதனால் கறியை மாற்றினார்கள். சுண்டுவதைக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டு ஒரு சிட்டிகை பவுடர். காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டால் கட்டுப்படியாகாது. முதலில் ஆப்புக்குப் போகும் சட்டியில் மட்டும் போட்டார்கள். அப்புறம் இரண்டு சட்டி வைக்க நேரமில்லாமல் எல்லாவற்றிலும். "நீங்க எடுத்த படம் மாதிரியே வருது தம்பி இப்ப" என்றார் மாஸ்டர். குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு துண்டு எடுத்துத் தின்று பார்த்தேன். மோசமில்லை. ஆனால் அது வேறு ஏதோ. மிளகின் அந்தக் கருகல் வாசனை இல்லை. அலமாரிக்கு முன்னால் நின்றபடி, விளம்பரப் படங்களைப் பற்றி நான் இத்தனை வருடம் சொல்லி வந்த கதை முழுக்கத் தலைகீழாக இருப்பதைப் பார்த்தேன். படம் சாப்பாட்டைப் போல இல்லை என்பதைத்தான் எப்போதும் பேசிக்கொண்டிருந்தேன். சாப்பாடு படத்தைப் போல ஆகத் தொடங்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சென்னையில் பச்சைக் கோழிக்கு நாங்கள் பூசிய சோயா சாஸ் ஸ்டுடியோக் குப்பைத் தொட்டியோடு போயிற்று. இங்கே பூச்சு இலைக்கு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் மாமா மெஸ்ஸில் மட்டுமா? சிக்கன் 65 எப்போதிலிருந்து செங்கல் சிவப்பானது? பிரியாணியில் ஏன் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகச் சோறு? யாரோ ஒருவர் முதலில் ஒரு படத்துக்காகச் செய்தது, பிறகு எல்லோரும் அந்தப் படத்துக்காகச் செய்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்கள். அதில் ரோடமைன்-பி என்ற சாயம் இருந்தது; துணிக்குப் போடுவது. அன்று ராத்திரியே மாமா ஃபோன் செய்தார்.

"மாப்ள, டிவியில சொல்றானே, நம்ம டப்பாவும் அதுதானா?"

அது வேறு, இது வேறு என்றேன். மாமாவின் டப்பாவில் அச்சடித்திருந்தது சன்செட் யெல்லோவும் டார்ட்ரசைனும். நம் நாட்டில் உணவில் அனுமதித்த எட்டு செயற்கை நிறங்களில் இரண்டு. ஆனால் அவற்றை இனிப்பு, ஐஸ்கிரீம், பிஸ்கட் போன்ற குறிப்பிட்ட சிலவற்றில்தான் சேர்க்கலாம். அதிலும் பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள். பிரியாணியிலும் கறியிலும் கூடவே கூடாது. (சில மாதங்களில் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனுக்கும் அப்புறம் கபாபுக்கும் இதே காரணத்துக்காக உத்தரவு போட்டார்கள்.)

"அப்ப கேசரியில போட்டா சரி, கறியில போட்டா தப்பா?"

"ஆமா மாமா."

"நீ பிரஷ்ஷால தடவுனியே, அது?"

"அது மிளகாத்தூள் மாமா. படத்துக்கு."

"படத்துக்கு ஒரு தட்டு. எனக்குத் தினம் பதினஞ்சு கிலோ கறி, மாப்ள."

அடுத்த வாரம் திருச்சிக்குப் போனேன். டப்பா அலமாரியில் இல்லை. மாஸ்டரை முழுக்கச் சுண்டவிடச் சொன்னேன். அவர் அன்று யாருக்கோ நிரூபிப்பது போலப் பிரட்டினார். வண்டி மை. இலையில் வைத்து, கொஞ்சம் சோறும் ஒரு துண்டு எலுமிச்சையும் பக்கத்தில் வைத்து, ஃபோனிலேயே எடுத்து ஆப்பில் ஏற்றினேன். மாமா சொன்னபடி கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: "எங்கள் சுக்கா கருப்பாகத்தான் இருக்கும்." ஒரு மணி நேரத்தில் ஆப் படத்தைத் திருப்பி அனுப்பியது. வெளிச்சம் போதவில்லை, உணவு தெளிவாகத் தெரியவில்லை.

வாசலுக்கு எடுத்துப்போய், மதிய வெயிலில், வெள்ளை வேட்டி ஒன்றை எதிரே பிடிக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். அப்போதும் இருட்டுதான். ஃபோன் திரையில் வெளிச்சத்தைக் கூட்டினேன். கூட்டியதும் கறி சாம்பல் பூத்தது போல ஆனது, ஏற்க முடியாத மாதிரி. சரி என்று சிவப்பை இரண்டு புள்ளி ஏற்றினேன். இரண்டே புள்ளி. மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஃபோனை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதான் நம்ம சுக்கா" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.